நீரடி வாகனம் கடலில் எப்படி நடந்துகொள்ளும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். இந்த இரண்டு கடல்களிலும் சிறிய நீரடி வாகனங்களைக் கட்டி இறக்கும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். கடற்புல்லையும் பவளத்தையும் படமெடுக்க விரும்பும் கல்லூரி மாணவர்கள், படகு தந்து உதவும் மீனவர்கள், பிள்ளையின் செலவை நினைத்துக் கவலைப்படும் பெற்றோர் என்று யார் வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்கள் முழுவதிலும் ஒரே வாகனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கடையில் கிடைக்கும் 160 மில்லிமீட்டர் பிவிசி குழாய், மொத்த நீளம் 1.6 மீட்டர், உருண்டை மூக்கு, கூம்பிய வால், வாலில் நான்கு துடுப்புகள், ஒரு மோட்டார். இதைக் குழாய் வாகனம் என்று அழைப்போம்.

1. தண்ணீரில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. முன்கூட்டியே ஏன் கணிக்க வேண்டும்?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் வடகடலில் புதிய வாகனம் ஒன்றை இறக்கினேன். மெதுவாகச் செலுத்தியபோது அழகாகப் போனது. வேகத்தைக் கூட்டியதும் மூக்கு பக்கவாட்டில் திரும்பியது. துடுப்பால் நிறுத்த முடியவில்லை. அரைவட்டம் அடித்துக்கொண்டு போய் ஒருவர் விரித்திருந்த நண்டு வலையில் புகுந்துவிட்டது. வாகனத்தை மீட்க வலையை நான்கு இடங்களில் அறுக்க வேண்டியிருந்தது. வலைக்காரருக்கு அது ஒரு வாரப் பிழைப்பு. நஷ்டத்தைக் கொடுத்தேன், ஆனால் அவர் அறுந்த கண்ணிகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்ததை இன்றும் மறக்கவில்லை.

அந்த வாகனம் திரும்பத்தான் போகிறது என்று அரைப் பக்கக் கணக்கு சொல்லியிருக்கும். (எட்டாவது பதிலில் அந்தக் கணக்கு இருக்கிறது.) தண்ணீரில் விட்டுப் பார்ப்பது அவசியம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு விட வேண்டும்.

2. ஹைட்ரோடைனமிக்ஸ் (நீரியக்கவியல்) என்றால் எவ்வளவு வேகம் போகும் என்பதுதானே?

அது ஒரு பகுதி. நீருக்குள் இருக்கும் வாகனத்துக்கு ஆறு வகை அசைவு உண்டு: முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என்று மூன்று நகர்வுகள், உருளுதல், மூக்கு ஏறி இறங்குதல், இடம் வலம் திரும்புதல் என்று மூன்று சுழற்சிகள். ஒவ்வொன்றிலும் எடை, மிதப்பு விசை, இழுவை (ஓடும் வாகனத்தைத் தண்ணீர் பின்னுக்கு இழுக்கும் விசை), துடுப்பு தரும் தூக்குவிசை, தண்ணீரையும் சேர்த்து அசைக்க வேண்டிய சுமை என்று பல விசைகள் வேலை செய்கின்றன. இவை எல்லாவற்றையும் எண்களாக்கி, ஒரு கட்டளைக்கு வாகனம் எப்படி அசையும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கணிப்பு.

நீர்மூழ்கிகளுக்கான இந்தச் சமன்பாடுகளைக் கெர்ட்லர், ஹேகன் இருவரும் 1967இல் அமெரிக்கக் கடற்படைக்காக ஒழுங்குபடுத்தினார்கள். இன்று மாணவர்கள் கணினியில் ஓட்டும் பல மாதிரிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

3. ஊருணியில் சரியாக நின்ற வாகனம் கடலில் மூழ்கவே மாட்டேன் என்கிறது. மோட்டார் பழுதா?

மோட்டாரைக் கழற்றாதீர்கள். ஊருணித் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. கடல்நீர் சுமார் 1.025 கிலோ. குழாய் வாகனத்தின் கொள்ளளவு 29 லிட்டர். ஆகவே கடலில் அதற்கு 700 கிராமுக்கும் சற்று அதிகமான மிதப்பு கூடுதலாகக் கிடைக்கிறது. சிறிய மோட்டாரால் அதை அமுக்கிக்கொண்டே ஓட முடியாது. 700 கிராம் ஈயத்தைத் தனியாக எடுத்துப் போங்கள். அதை வாகனத்தின் நடுப்பகுதியில் கட்டுங்கள், மூக்கில் கட்டாதீர்கள்.

கடலுக்குள்ளும் அடர்த்தி மாறும். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் வடகடலுக்குள் இறங்குகிறது. லிட்டருக்கு 3 கிராம் மாறினாலே நம் வாகனத்தில் கிட்டத்தட்ட 90 கிராம் வித்தியாசம். ஐப்பசியில் சரிபார்த்த எடையைச் சித்திரையில் அப்படியே நம்பக்கூடாது.

4. இழுவையைக் கணினி இல்லாமல் நோட்டிலேயே போட முடியுமா சார்?

முடியும். முதலில் நோட்டில்தான் போட வேண்டும். விநாடிக்கு 1 மீட்டர் வேகம் என்று எடுத்துக்கொள்வோம். வேகத்தை நீளத்தால் பெருக்கி, நீரின் பாகுத்தன்மையால் வகுத்தால், ஓட்டம் அமைதியானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் வரும். நம் கடலில் 30 டிகிரி வெப்பத்தில் அந்தப் பாகுத்தன்மை 0.85ஐப் பத்து லட்சத்தால் வகுத்த அளவு. கிடைக்கும் எண் சுமார் 19 லட்சம். இனி, கப்பல் மாதிரிச் சோதனைத் தொட்டிகளின் சர்வதேச மாநாடு 1957இல் ஏற்றுக்கொண்ட உராய்வுச் சூத்திரம்: ரெனால்ட்ஸ் எண்ணின் பத்தடிமான மடக்கையிலிருந்து 2ஐக் கழித்து, வருவதை வர்க்கமாக்கி, 0.075ஐ அதனால் வகுக்க வேண்டும். நமக்கு 0.0041 வருகிறது.

வாகனத்தின் நனையும் பரப்பு சுமார் 0.72 சதுர மீட்டர். நீரடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், பரப்பு, அந்த 0.0041 ஆகிய நான்கையும் பெருக்கினால் 1.5 நியூட்டன். உடல் தட்டையாக இல்லாமல் உருண்டு இருப்பதற்காக நூற்றுக்கு ஐந்து கூட்டினால் 1.6 நியூட்டன். அதாவது 160 கிராம் எடையைத் தூக்கும் விசை. இவ்வளவுதானா என்று எல்லோரும் வியப்பார்கள். வழுவழுப்பான வெற்று உடலுக்கு இவ்வளவுதான். மீதி இழுவையை நாம்தான் சேர்க்கிறோம்.

5. உருண்டை மூக்கு கடையில் கிடைக்கவில்லை. பிவிசி மூடியையே வைத்துவிட்டால் என்ன?

தட்டையான மூடி போட்ட உருளையை நேராக இழுத்தால் அதன் இழுவைக் குணகம் (வடிவம் எவ்வளவு இழுவை தரும் என்று காட்டும் எண்), முகப்புப் பரப்பின் கணக்கில், 0.8க்கு மேலே போகும். நம் வாகனத்தின் வெற்று உடலுக்கு அது 0.16தான். விசையாகச் சொன்னால் 1.6 நியூட்டன் இருந்த இடத்தில் 8 நியூட்டனுக்கு மேல். ஐந்து மடங்கு. மூடியின் விளிம்பில் ஓட்டம் பிரிந்து சுழல்வதும், வாலில் தண்ணீர் மறுபடி சேர முடியாமல் போவதும் காரணம். மூக்கைவிட வாலைக் கூம்பாக்குவதற்கு அதிக நேரம் கொடுங்கள். முன்பக்கம் அரைக்கோளமாக இருந்தாலே போதும். தெர்மாகோலை அறுத்து, இழைக்கண்ணாடித் துணி ஒட்டி, உப்புத்தாள் போட்டால் இரண்டு நாளில் வால் தயார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேமராவைத் தாங்க 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெளியே நீட்டுவார்கள். உருண்டைக் கம்பி ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றால் குணகம் சுமார் 1.1. இழுவை 1.3 நியூட்டன். ஒன்றரை மீட்டர் உடல் முழுவதும் தருகிற இழுவையை ஒரு சாண் கம்பி கிட்டத்தட்டத் தனியாகத் தந்துவிடுகிறது! அதே கம்பியின் பின்னால் மீன் உடல்போல் கூம்பிய உறை ஒன்றை ஒட்டினால் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்.

6. வேகம் இரட்டிப்பாக மோட்டாரையும் இரண்டாக்கினால் போதுமா?

போதாது. இழுவை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். அதற்குத் தேவையான திறன் வேகத்தின் கனத்தை ஒட்டி ஏறும். இரண்டு மடங்கு வேகத்துக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு திறன். மின்கலம் அதே அளவில் தீரும். படமெடுக்கும் வாகனத்துக்கு விநாடிக்கு 1 மீட்டரே தாராளம்.

மோட்டார் பெட்டியில் அச்சிட்டிருக்கும் உந்துவிசையையும் அப்படியே நம்ப வேண்டாம். அது நின்ற இடத்தில் அளந்தது. வாகனம் முன்னே நகர நகர, தண்ணீர் விசிறியின் இதழை எதிர்கொள்ளும் கோணம் குறைகிறது, உந்துவிசையும் குறைகிறது. தவிர, விசிறி வாலுக்குப் பின்னால் இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சுவதால் வாலில் அழுத்தம் குறைந்து இழுவை கூடும்.

7. “கூடுதல் நிறை” என்கிறீர்களே, தண்ணீர் எப்படி எடையைக் கூட்டும்?

எடையைக் கூட்டாது, அசைப்பதற்கான சுமையைக் கூட்டும். கழுத்தளவு தண்ணீரில் நின்று கையைச் சட்டென்று வீசிப் பாருங்கள். கை மட்டும் நகரவில்லை, சுற்றியுள்ள தண்ணீரும் நகர வேண்டியிருக்கிறது. வாகனம் வேகம் மாறும்போதெல்லாம் அந்தத் தண்ணீரின் வேகமும் மாற வேண்டும். உராய்வே இல்லாத நீரிலும் இந்தச் சுமை இருக்கும்.

கோளத்துக்கு அது விலக்கும் நீரில் பாதி. நீண்ட உருளைக்குக் குறுக்கு அசைவில் விலக்கும் நீர் முழுவதும். குழாய் வாகனம் சுமார் 30 கிலோ நீரை விலக்குகிறது. முன்னோக்கி முடுக்கும்போது கூடுதல் நிறை 1 கிலோவுக்கும் குறைவு. பக்கவாட்டில் தள்ளினால் 28 கிலோ. அதாவது ஒரே வாகனம் நேரே போகையில் 30 கிலோ, பக்கம் போகையில் 58 கிலோ. வானத்து ட்ரோனுக்கு எழுதிய கட்டுப்பாட்டு நிரலை அப்படியே நீருக்குள் கொண்டுவரும் மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்தக் கணக்கில் ஒரு நிம்மதி உண்டு. கூடுதல் நிறை பெரும்பாலும் வடிவத்தை மட்டுமே சார்ந்தது. நீள்கோளத்துக்கான பழைய அட்டவணைகளே நம் தேவைக்குப் போதுமான அளவு சரியாக இருக்கும். நோட்டில் வரும் எண்களில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

8. மெதுவாகப் போனால் நேராகப் போகிறது. வேகம் கூட்டினால் மூக்கு தூக்குகிறது அல்லது திரும்பிவிடுகிறது. அடியில் எடை சேர்த்தால் சரியாகுமா?

என் வாகனத்தை நண்டு வலையில் கொண்டுபோய்ச் சேர்த்தது இதுதான். ஒடுங்கிய நீள உடல் ஓட்டத்துக்குச் சற்றே சாய்ந்தால், அந்தச் சாய்வை இன்னும் பெரிதாக்கும் திருப்புவிசை பிறக்கும். மங்க் என்ற அறிஞர் பெயரால் இதை மங்க் திருப்புவிசை என்பார்கள். இதன் அளவு, முந்தைய பதிலில் கண்ட 28க்கும் 1க்கும் உள்ள வித்தியாசத்தையும் வேகத்தின் வர்க்கத்தையும் சார்ந்தது. விநாடிக்கு 1 மீட்டரில், 5 டிகிரி சாய்வில், நம் வாகனத்துக்கு 2.4 நியூட்டன் மீட்டர் வருகிறது.

இப்போது எதிர்த்தரப்பு. எடை மையம் மிதப்பு மையத்துக்கு 1 சென்டிமீட்டர் கீழே இருந்தால், அதே 5 டிகிரியில் வாகனத்தை நிமிர்த்தும் விசை 0.25 நியூட்டன் மீட்டர். பத்தில் ஒரு பங்கு. எடையை இன்னும் கீழே இறக்கினாலும் 1 சென்டிமீட்டர் 2 ஆகலாம், 3 ஆகலாம், 10 ஆகாது. அதுவும் மூக்கு ஏறி இறங்குவதைத்தான் தடுக்கும். இடம் வலம் திரும்புவதற்கு ஈயத்தால் எந்த உதவியும் இல்லை.

மருந்து வாலில் இருக்கிறது. துடுப்பின் பரப்பைக் கூட்ட வேண்டும், அதை இயன்ற அளவு பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். அம்புக்கு இறகு பின்னால் இருப்பதும், படகுக்குச் சுக்கான் பின்னால் இருப்பதும் நாம் அறிந்ததே. மெதுவான ஓட்டத்தில் இந்தக் குறை மறைந்திருக்கும் என்பதுதான் ஆபத்து. பாதி வேகத்தில் மங்க் விசை நான்கில் ஒன்றாகிவிடுகிறது. நிமிர்த்தும் விசையோ குறைவதில்லை.

9. தம்பி, பாம்பன் ஓட்டத்தில் எதிர்த்துப் போனால் உங்கள் வாகனத்துக்கு இழுவை கூடும்தானே?

பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒரு பெரியவர் கேட்டது. ஐயா, சீரான ஓட்டமாக இருந்தால் கூடாது. வாகனம் தண்ணீரைப் பொறுத்து எவ்வளவு வேகம் என்பதையே இழுவை பார்க்கும். தரையைப் பொறுத்துத்தான் பின்தங்கும். விநாடிக்கு 1 மீட்டர் போகும் வாகனத்துக்கு எதிரே 0.7 மீட்டர் ஓட்டம் வந்தால் தரையில் 0.3 மீட்டர்தான் முன்னேற்றம். மின்கலம் அதே அளவு செலவாகும், தூரம் மூன்றில் ஒன்றுகூட வராது.

ஆனால் பாலத்தின் அடியில் ஓட்டம் சீராக இல்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தூண்களுக்குப் பின்னால் சுழல்கள் பிரிகின்றன. மூக்கு ஓர் ஓட்டத்திலும் வால் வேறோர் ஓட்டத்திலும் மாட்டினால் எட்டாவது பதிலில் சொன்ன சாய்வு தானாக உண்டாகிவிடும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் நீர் தென்கடலிலிருந்து வடகடலுக்கும், வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் வடகடலிலிருந்து தென்கடலுக்கும் பாய்கிறது. இதைக் கணினியில் வரைவதற்கு முன் படகோட்டிகளிடம் கேட்டுவிடுவது என் வழக்கம். எந்த மாதம், எந்த நேரம், பாலத்தின் எந்தக் கண் வழியாக என்பதை அவர்கள் சொன்னது தவறியதில்லை.

10. ஆழம் குறைந்த வடகடலில் கணக்கு மாறுமா?

மாறும். நாலாவது பதிலின் கணக்கு, சுற்றிலும் எல்லையில்லாத தண்ணீர் இருப்பதாக எடுத்துக்கொண்டது. மேற்பரப்பை நெருங்கினால் வாகனம் அலை எழுப்பத் தொடங்கும். அந்த அலைக்கும் நம் மின்கலமே கூலி கொடுக்க வேண்டும். குழாய் வாகனத்தை அரை மீட்டர் ஆழத்துக்கு மேலே வரவிடாமல் ஓட்டினால் இந்தச் செலவு பெரிதும் குறையும். தரையை மிக நெருங்கினால் அடியில் ஓடும் நீர் வேகமெடுத்து அழுத்தம் குறையும். வாகனம் கீழே உறிஞ்சப்படும். கடற்புல்லை அருகில் படமெடுக்கும் ஆசையில் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் முக்கியமானது அலையின் ஆட்டம். 4 விநாடிக்கு ஒன்று வரும் அலையின் நீளம் ஆழமான நீரில் சுமார் 25 மீட்டர். அதன் ஆட்டம் அந்த நீளத்தில் பாதி வரை, அதாவது 12 மீட்டர் வரை, கீழே உணரப்படும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதிக்கு அந்த ஆழமே கிடையாது. எனவே வாடை வீசும் நாளில் அங்கே அமைதியான ஆழம் என்று ஒன்று இல்லை; தரை வரை தண்ணீர் முன்னும் பின்னும் ஆடும். அந்த மாதங்களில் தென்கடலுக்குப் போங்கள். கச்சானில் திரும்பி வாருங்கள். மீனவர்கள் காலங்காலமாகச் செய்வது அதுதான்.

11. கேபிள் கட்டிய வாகனத்துக்கும் இதே கணக்குத்தானா?

வாகனத்தை விடுங்கள், கேபிளைக் கணக்கிடுங்கள். 8 மில்லிமீட்டர் கேபிள் 50 மீட்டர் வெளியே விட்டு, குறுக்கே அரை மீட்டர் வேக ஓட்டம் இருந்தால், அதன் மேல் 60 நியூட்டனுக்குச் சற்று மேல் விசை வரும். 6 கிலோ எடை. வாகனத்தின் சொந்த இழுவை அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மெல்லிய கேபிள், குறைந்த நீளம், படகை ஓட்டத்தின் மேல்பக்கம் நிறுத்துதல் ஆகிய மூன்றும் பெரிய மோட்டாரைவிடப் பலன் தரும்.

12. பாதி அளவில் மாதிரி செய்து சோதித்துப் பெருக்கிக்கொண்டால் போதாதா?

எதைப் பொருத்திப் பெருக்குவது என்பதுதான் கேள்வி. முழுதும் மூழ்கிய உடலுக்கு ரெனால்ட்ஸ் எண் பொருந்த வேண்டும். பாதி அளவு மாதிரியை இரண்டு மடங்கு வேகத்தில் இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் மாதிரிக்கும் அசலுக்கும் விசை ஒன்றாகவே வரும் என்பதைப் பலர் நம்புவதில்லை, போட்டுப் பாருங்கள். மேற்பரப்பில் அலை எழுப்பும் நிலைக்கோ ஃப்ரூட் எண் பொருந்த வேண்டும்; அதற்கு வேகம் 0.7 மடங்காகக் குறைய வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டையும் ஒருசேரப் பொருத்த முடியாது. 1870களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் தொட்டி கட்டிய வில்லியம் ஃப்ரூட், பலகைகளை இழுத்து உராய்வைத் தனியே அளந்து, மீதியைத் தனியே பெருக்கும் வழியைக் காட்டினார். நாலாவது பதிலில் போட்ட 1957 சூத்திரம் அந்த வழியின் தொடர்ச்சி.

சிறிய மாதிரியில் மற்றொரு சிக்கல்: மூக்கருகே ஓட்டம் கொந்தளிக்காமல் அமைதியாகவே வழுக்கிப் போய்விடும், இழுவை குறைவாகக் காட்டும். அதனால்தான் மாதிரியின் மூக்குக்குச் சற்றுப் பின்னால் மணல் துகளையோ மெல்லிய கம்பியையோ ஒட்டி, ஓட்டத்தை வேண்டுமென்றே கொந்தளிக்க வைக்கிறார்கள்.

13. கணினியில் சிஎஃப்டி (நீரோட்டத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) ஓட்டினால் வண்ணப் படத்தோடு எல்லா எண்களும் வருகின்றன. இனி சோதனை எதற்கு?

படம் எப்போதும் அழகாகத்தான் வரும், எண் தவறாக இருந்தாலும். சென்ற ஆண்டு ஒரு மாணவர் குழு குழாய் வாகனம் போன்ற ஓர் உடலுக்கு 0.9 நியூட்டன் என்று கொண்டுவந்தது. முழுக் கொந்தளிப்பு ஓட்டம் என்று தேர்ந்தெடுத்து ஓட்டியிருந்தார்கள். அப்படியானால் நோட்டுக் கணக்கின் உராய்வுப் பகுதியான 1.5க்குக் கீழே அது போகவே முடியாது. பார்த்தால், சுவரை ஒட்டிய கணக்குக் கட்டங்கள் மிகப் பெரிதாக இருந்தன. உராய்வு பிறக்கும் மெல்லிய எல்லைப்படலத்தையே கணினி பார்க்கவில்லை. கட்டங்களைச் சிறிதாக்கியதும் 1.6க்கு வந்தது. நாலு வரிக் கணக்கு இல்லாவிட்டால் அந்த 0.9ஐ நம்பி மின்கலம் வாங்கியிருப்பார்கள்.

உங்கள் வாகனத்துக்கு முன், விடை தெரிந்த உடல் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் 1989இல் வடிவம் வெளியிடப்பட்ட சபாஃப் என்ற நீர்மூழ்கி மாதிரி அதற்கென்றே இருக்கிறது: 4.356 மீட்டர் நீளம், 0.508 மீட்டர் விட்டம், அளந்த விசைகள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. ஓப்பன்ஃபோம் போன்ற இலவச மென்பொருளே போதும். நேராகப் போகும் உடலுக்குக் கணினி நன்றாகச் சொல்லும். 15, 20 டிகிரி சாய்ந்து, முதுகிலிருந்து சுழல்கள் பிரியும்போது அதன் சொல்லை நான் பாதி எடையோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

14. விசாகப்பட்டினத்தில் 500 மீட்டர் இழுவைத் தொட்டி இருக்கிறதாம். எங்களுக்கு ஊருணிதான் இருக்கிறது. எப்படி அளப்பது அண்ணா?

ஊருணி நல்ல தொட்டி, காற்று எழும்பாத விடியற்காலையில். இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது, ஓடவிட்டு அடங்குவதைப் பார்ப்பது. வாகனத்தை மேலே எழவும் கீழே மூழ்கவும் செய்யாத நடுநிலை மிதப்புக்குக் கொண்டுவந்து, அரை மீட்டர் ஆழத்தில், விசிறியைக் கழற்றிவிட்டுக் கயிற்றால் இழுத்து விநாடிக்கு 1 மீட்டர் வேகம் கொடுத்துக் கயிற்றை விட்டுவிடுங்கள். முதுகில் மெல்லிய தங்கூசியால் (நைலான் நரம்பால்) ஒரு பட்டாணி அளவு மிதவையைக் கட்டி, அது நீர்மட்டத்தில் நகர்ந்து வருவதைக் கரையிலிருந்து கைப்பேசியில் படமெடுங்கள். கரையோரம் 2 மீட்டருக்கு ஒரு மூங்கில் ஊன்றியிருந்தால் தூரம் தெரியும். வேகம் பாதியாக எத்தனை விநாடி? வாகனத்தின் மொத்த நிறையை (ஊருணியில் கூடுதல் நிறை சேர்த்து சுமார் 30 கிலோ) அந்த விநாடியால் வகுங்கள். அதுவே 1 மீட்டர் வேகத்தில் இழுவை. வெற்று உடலின் 1.6 நியூட்டன் உண்மையானால் 19 விநாடி எடுக்கும். எங்கள் வாகனம் முதல் நாள் ஏழரை விநாடியில் பாதியாகிவிட்டது. 4 நியூட்டன்.

இரண்டாவது, பக்கவாட்டு இழுவை. வாகனத்தைக் கிடைமட்டமாகப் பிடித்து, 200 கிராம் அதிக எடை கட்டி, அப்படியே அமிழவிடுங்கள். சிறிது தூரம் கழித்து அது சீரான வேகத்தில் இறங்கும். நம் வாகனத்துக்கு விநாடிக்கு 13 சென்டிமீட்டர் என்று கணக்கு சொல்கிறது. அவ்வளவு மெதுவாக ஏன்? 1 மீட்டர் வேகத்தில் முன்னோக்கி 1.6 நியூட்டன் தரும் உடல், பக்கவாட்டில் அதே வேகத்துக்கு நூறு நியூட்டனுக்கு மேல் தரும். இறங்கும்போது மூக்கோ வாலோ முந்தினால் எடையை நகர்த்தி மறுபடி விடுங்கள்.

15. கணக்கு 1.6 என்கிறது, ஊருணி 4 என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும். 1.6 வெற்று உடலுக்கு. 4 கடையில் வாங்கி ஒட்டியவை எல்லாவற்றோடும் சேர்ந்த வாகனத்துக்கு. வித்தியாசம் 2.4. அதில் 1.3 ஐந்தாவது பதிலின் கேமராக் கம்பி. மீதி 1.1க்குத் துடுப்புகள், ஆண்டெனா, திருகாணித் தலைகள், இடுப்புப் பட்டை, மிதவையின் தங்கூசி என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துத் தேடினோம். கம்பிக்கு உறை போட்டு, திருகாணித் தலைகளைப் புட்டி வைத்து நிரவியதும் அரைவேகத்துக்கு 12 விநாடி ஆனது. வித்தியாசத்தை இப்படிப் பெயர் சொல்லிப் பிரிக்க முடிந்தால் கணக்கும் சோதனையும் நண்பர்கள். பெயர் சொல்ல முடியாத மிச்சம் பெரிதாக இருந்தால் இன்னும் கடலுக்குப் போகாதீர்கள்.

16. கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தால் போதும்?

ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அளவு. இழுவை நூற்றுக்கு இருபது முப்பது தவறினாலும் கூடுதல் மின்கலத்தால் சமாளிக்கலாம். துடுப்பின் விசை மூன்றில் ஒரு பங்கு தவறினாலும் திசைமானியைப் பார்த்துத் திருத்தும் கட்டுப்பாட்டு நிரல் பெரும்பாலும் ஈடுகட்டும். மிதப்பு மட்டும் கிராம் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். வாகனம் சாய்ந்தால் தானே நிமிருமா, மேலும் சாயுமா என்ற கேள்விக்கு அளவு தவறலாம், திசை தவறவே கூடாது.

17. பாசியும் கொட்டலசும் (படகடியில் ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிர்) ஒட்டினால் கணக்கு கெடுமா?

கெடும். நம் வெதுவெதுப்பான கடலில் வழுக்குப் பாசி சில நாட்களிலேயே படியும். அதுவே உராய்வைக் கூட்டும். கொட்டலசு ஒட்டியபின் உடலை வழுவழுப்பானதாகக் கருதும் நாலாவது பதில் செல்லாது. ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

18. தீவுகளுக்குப் பக்கத்தில் பவளத்தைப் படமெடுக்க இறக்கலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இறக்காதீர்கள். அனுமதி கிடைத்தபின் ஒரு கடைசிக் கணக்கு பாக்கியிருக்கிறது: மோட்டார் நின்றுவிட்டால் வாகனம் எங்கே போகும்?

இதற்காகவே 250 கிராம் மிதப்பு அதிகம் வைத்து ஓட்டுகிறோம். பதினான்காவது பதிலின் பக்கவாட்டு இழுவையை வைத்துப் பார்த்தால், மோட்டார் நின்ற வாகனம் விநாடிக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் மேலே வரும். 8 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே சேர சுமார் 53 விநாடி. அதற்குள் அரை மீட்டர் வேக ஓட்டம் அதை 27 மீட்டர் தள்ளிவிடும். படகை நிறுத்தியதும் ஒரு தென்னைமட்டைத் துண்டைத் தண்ணீரில் போட்டு, அது போகும் திசையையும் வேகத்தையும் பார்க்கிறேன். அந்தத் திசையில் 27 மீட்டருக்குள் மேலெழுந்த பவளத் திட்டோ ஒருவருடைய வலை மிதவையோ இருந்தால் படகை நகர்த்திவிட்டு மறுபடி மட்டையைப் போடுவோம்.